நாற்பது விநாடி மின்சாரம்

போன் அடித்தது.

டேபிள் ஃபேன் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்த ரேடியோ மெக்கானிக், இடது கையால் எடுத்தார். தெருவில் அவருக்குப் பெயர் கைராசி. அவர் தொட்ட எந்த ரேடியோவும் பாடாமல் போனதில்லை.

பேசியது இன்ஸ்பெக்டர்.

"போன வாரம் கப்பல்காரர் வீட்டு ஹாம் ரேடியோவுக்கு பவர் சப்ளை ரிப்பேர் பார்த்தது நீங்கதானே?"

"ஆமா சார்..."

"கிளம்பி வாங்க. அந்தப் பெட்டிதான் இன்னைக்கு அவரைக் கொன்னிருக்கு."

மாடியறை.

உடலை எடுத்துப் போயிருந்தார்கள். மேஜையில் மூடி திறந்த இரும்புப் பெட்டி. அதன் ப்ளக் தரையில் கிடந்தது. கழற்றிய திருகாணிகள் மூடியின் மேல் ஒரே வரிசையாக நின்றன. கப்பலில் ரேடியோ ஆபீஸராக இருந்தவர்... சாகும்வரை ஒழுங்கு.

இன்ஸ்பெக்டர் நடந்ததைச் சொன்னார். நாலு மணிக்கு, மாமா சொன்னார் என்று கப்பல்காரரின் அக்கா மகன் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கிளம்பியிருக்கிறான். நாலு இருபதுக்கு மாடியில் ஏதோ விழுந்த சத்தம் கீழ்வீட்டுக்காரருக்குக் கேட்டிருக்கிறது. நாலரைக்கு மனைவி வந்து பார்த்தபோது ப்ளக் தரையில். அவரும் தரையில்.

"பிடுங்கினாலும் உள்ள கரண்ட் தேங்கி நிக்குமாமே?"

"நிக்கும் சார். அதைப் பிடிச்சு வைக்கிறதுக்குத்தான் இந்த ரெண்டு கண்டென்சர்..."

"போங்க, உங்க மேல தப்பில்ல. பெட்டியிலயே எச்சரிக்கை எழுதியிருக்கு. விபத்து. ஒரு கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்புங்க."

அக்கா மகன் சுவரில் சாய்ந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

மெக்கானிக் பேனாவை வாங்கினார்.

"எதுக்கும்மா திறந்தார்?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது.

கப்பல்காரரின் மனைவி நிமிர்ந்தாள். "பேசும்போது பின்னாடி ஏதோ உறுமுதுன்னார் அண்ணா. உங்களைக் கூப்பிடச் சொன்னேன். 'அவர் ரெண்டும் புதுசா போட்டுக் குடுத்திருக்கார், நான்தான் எதையோ ஆட்டிட்டேன்'னு சொல்லிட்டார்."

பேனா நின்றது.

புதுசு!

அந்த அளவில் கண்டென்சர் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை அந்த ரேடியோவில் பழைய கப்பல் தோழனோடு பேச வேண்டும் என்று மனிதர் குழந்தை மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை என்று சொல்ல கைராசிக்கு நாக்கு வரவில்லை. முப்பது வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. காய்ந்துபோன பழைய இரண்டையும் துடைத்து, புது உறை மாட்டி, "ரெண்டும் புதுசு" என்றார்.

கப்பல்காரர் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தக் கை இப்போது பேனாவைப் பிடித்திருந்தது.

உறுமியது அந்தப் பழைய கண்டென்சர். மூடியைத் திறக்க வைத்தது அவருடைய பொய். ஒரு கையெழுத்து... போதும். நாளைக்கும் அவர் கைராசிதான். யாருக்கும் தெரியாது.

தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது.

நாலு மணி... நாலு இருபது... இருபது நிமிஷம்...

அவர் பேனாவை மேஜையில் வைத்தார்.

"சார், இதுல இருபது நிமிஷம் கரண்ட் நிக்காது."

"இப்பதானே நிக்கும்னீங்க?"

"புதுசுல நிக்கும்." அவள் முகத்தைப் பார்க்காமல், பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இது புதுசு இல்ல. நான் அவரை ஏமாத்திட்டேன்."

பிளேடால் உறையைக் கிழித்தார். துருவேறிய பழைய டப்பா எட்டிப் பார்த்தது.

பிறகு பையிலிருந்து மீட்டரை எடுத்தார். ப்ளக்கைச் சொருகினார். முள் எழுநூறு வோல்ட்டில் போய் நின்றது. ப்ளக்கைப் பிடுங்கினார்.

ஐநூறு... இருநூறு... முப்பது...

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாற்பது செகண்ட்."

"நாலு மணிக்கே பிடுங்கியிருந்தா, நாலு இருபதுக்கு இது வெறும் தகர டப்பா சார். அவர் தொட்டப்போ ப்ளக் உள்ள இருந்திருக்கு. அப்புறம்தான் யாரோ பிடுங்கியிருக்காங்க. செத்தவர் எழுந்து பிடுங்க முடியாது."

"அதெப்படி?" அக்கா மகன் சுவரை விட்டு நகர்ந்தான். "ரெண்டும் புதுசுன்னு நீங்கதானே சொன்னீங்க! மணிக்கணக்கா நிக்கும்னு புத்தகத்துல..."

நிறுத்திக்கொண்டான். தாமதம்.

"புத்தகமெல்லாம் படிச்சியா தம்பி?" இன்ஸ்பெக்டர் மெதுவாகக் கேட்டார். "மேஜைக்குப் பின்னாடி இருக்கிற ப்ளக் மாமா கண்ணுக்குத் தெரியாது. 'பிடுங்கிட்டேன் மாமா, கை வைங்க'ன்னு சொன்னியா?"

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"இவன் பேருல இருந்த உயிலை மாத்தி, நாளைக்கு இந்த வீட்டை என் பேருக்கு எழுதறதா இருந்தார்," என்றாள் அவள். அழவில்லை.

படியில் காலடிகள் இறங்கின.

மெக்கானிக் நின்றுகொண்டே இருந்தார். கப்பல்காரரிடம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் பொய் சொல்லியிருக்கிறார்கள். 'புதுசு போட்டுட்டேன்.' 'பிடுங்கிட்டேன்.' இரண்டையும் அவர் நம்பினார். விலங்கு ஒருவனுக்குத்தான்.

"என்னையும் கூட்டிட்டுப் போங்க சார்."

"புகார் கொடுக்க வேண்டியவர் இல்லையே," என்று தொப்பியை மாட்டினார் இன்ஸ்பெக்டர். "அம்மாவைக் கேளுங்க."

அவர் அவள் பக்கம் திரும்பினார். மீட்டரைப் பைக்குள் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார்.

அவள் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வெள்ளிக்கிழமை அந்தத் தோழர் மறுபடி கூப்பிடுவார். இவர் இல்லைன்னு நான்தான் சொல்லணும். சரி பண்ணிக் குடுங்கண்ணா..."

பெட்டியோடு வாசல்வரை போனவரை அவள் குரல் நிறுத்தியது.

"இந்தத் தடவை, நெஜமாவே."