நாலாவது தட்டு

இசையுலகம் மூச்சைப் பிடித்துக்கொள்ளட்டும். ஹார்டு ராக் என்று இருபத்திரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தி, ரசிகர்களிடம் ‘சிங்கம்’ என்றும் பக்கத்து வீட்டாரிடம் வேறு மாதிரியும் பெயர் வாங்கிய பாடகர், தம் முதல் தனி ஆல்பத்தை வெள்ளிக்கிழமை வெளியிடுகிறார். பாட்டு அவர், கிதார் அவர், அட்டையில் முறைப்பதும் அவர். டிரம்ஸ் கிடையாது.

டிரம்ஸ் வாசித்த தம்பி மார்ச் மாதம் இறந்துபோனான்.

புதன்கிழமை மதியம், கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்க்க ஸ்டூடியோவில் ஹெட்ஃபோனை மாட்டியபோதுதான் சிங்கம் அதைக் கவனித்தார். முதல் பாட்டுக்கு முன்னால், குச்சியோடு குச்சி மோதும் சத்தம். நாலு தட்டு.

“இதை யாரு போட்டது?”

“எதை?” என்றார் சவுண்ட் இன்ஜினியர்.

“நாலு தட்டு.”

“பழக்கதோஷம் சார். தம்பி தட்டாம நீங்க என்னைக்கு வாயைத் திறந்திருக்கீங்க?” என்று சிரித்துவிட்டு, காபி வாங்கிவரப் போனார்.

உண்மைதான். சிங்கத்துக்குத் தானாகப் பாட்டைத் தொடங்கத் தெரியாது. தம்பி குச்சியைத் தட்டுவான். மூன்றாவது தட்டில் இவர் மூச்சிழுப்பார், நாலாவதில் கர்ஜனை. தம்பி போனபின் மூன்று மாதம் ஒரு பாட்டும் எழவில்லை. பிறகு ஒருநாள், ஒரே நாளில் எட்டுப் பாட்டும் வந்தன. அருள் என்று பேட்டி கொடுத்தார். அந்த அருள் யாருடையது என்று இன்று ஹெட்ஃபோனில் கேட்டது.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம், யாரும் நகர்த்த மனமில்லாமல் விட்டுவைத்த டிரம்ஸ் மேல் தூசி படிந்திருந்தது. ஏசியின் ஈரக்காற்றில், சத்தம் தடுக்கச் சுவரில் ஒட்டிய பழைய பஞ்சின் வாடையோடு, தம்பி கடைசி வாரம் முழுக்க நெஞ்சில் தேய்த்துக்கொண்டிருந்த தைலத்தின் வாடையும் மெல்ல மெல்லக் கலந்து வந்துகொண்டிருந்தது.

“அண்ணா, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போலாமா?” என்று அங்கே உட்கார்ந்துதான் கேட்டான்.

“இன்னும் ஒரு டேக்குடா. முடிச்சிட்டுப் போலாம்.”

அவன் குச்சியைத் தூக்கினான். மூன்று தட்டினான். சரிந்தான்.

தம்பி மனைவி போன வாரம் வந்திருந்தாள். “அட்டையில உள்பக்கமாவது சின்னதா அவர் பேரைப் போடுங்க மாமா.”

“தனி ஆல்பம்மா” என்று சொல்லி அனுப்பினார். பேரைப் போட்டால் உரிமைப் பங்கு கேட்டு ஆள் வந்துவிடும் என்று பயம். அவள் “சரிங்க மாமா” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். அதுதான் இப்போது உறுத்தியது.

இரண்டாவது பாட்டில் தட்டுகளுக்கு இடையில் மூச்சு கேட்டது. ஐந்தாவதில் அது இளைத்தது. ஏழாவதில் நாலாவது தட்டு விழ வெகுநேரம் ஆனது.

எட்டாவது பாட்டு.

டக்.

டக்.

டக்.

சிங்கம் காத்திருந்தார். பாட்டு தொடங்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றினார். அந்த மூச்சுச் சத்தம் நிற்கவில்லை. கண்ணாடியைத் தாண்டி வந்தது. தைலம் கண்ணை எரித்தது.

டிரம்ஸ் முன்னிருந்த முக்காலியின் மெத்தை அமுங்கியிருந்தது. தூசியில், குச்சிகள் கிடந்த இடத்தில் இரண்டு கோடுகள். குச்சிகள் அங்கே இல்லை. மேலே இருந்தன. காற்றில். லேசாக நடுங்கிக்கொண்டு.

“அண்ணா… இன்னும் ஒரு டேக்கா?”

வேண்டாம்டா, போதும், வா போலாம். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். மார்ச்சிலிருந்து தொண்டைக்குள் கிடக்கிற வார்த்தைகள். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

குரல் எழவில்லை. நாலாவது தட்டு விழவில்லையே.

குச்சிகள் அப்படியே நின்றன. இவர் வாய் அப்படியே திறந்திருந்தது.

வெள்ளிக்கிழமை ஆல்பம் வந்தது. விமர்சனம் ஒன்றே ஒன்று: பாட்டு சுமார், டிரம்ஸ் பரவாயில்லை.