நான்கு விரல் இடைவெளி

முன்பக்கம் ஏசி நன்றாகத்தான் குளிர்ந்தது; பின் இருக்கைக்கு என்று வைத்திருந்த துளைகளிலிருந்து மட்டும் வெதுவெதுப்பான காற்று வந்தது, அதுவும் ஒரே சீராக வராமல், கொஞ்சம் வந்து, நின்று, மறுபடி கொஞ்சம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே ஏகாம்பரம் அதைக் கவனித்துவிட்டான். யாரிடம் சொல்வது? கண்ணகி நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி கோபாலபுரம் வந்து சேர்ந்தால், பொழுது சாயும்வரை அவனுக்குத் துணை அந்தக் கார்தான். முதலாளியம்மா சரோஜாதேவி தி.நகரில் தன் ஜவுளிக்கடைக்குள் போகும்போது சாவியையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

"ஏசியப் போட்டுக்கிட்டுத் தூங்கிருவ தம்பி. பெட்ரோல் விக்கிற விலையில!"

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கெட்டவர் இல்லை. மதியச் சாப்பாட்டைக் கடைப்பையனிடம் மறக்காமல் கொடுத்தனுப்புவார். சாவி இல்லாமல் கண்ணாடி இறங்காது என்பதால் ஏகாம்பரம் எதிர்வரிசை மரத்தடியில் நின்று சாப்பிடுவான். அப்படி நிற்கும்போது, காலியான காரின் பின்கதவுக் கண்ணாடியில், மேல் விளிம்பை ஒட்டி, உள்பக்கம் ஆவி படர்ந்து மறைவதைப் பார்த்திருக்கிறான். வெயிலில் கண் கூசுகிறது என்று நினைத்துக்கொள்வான்.

கத்திரி தொடங்கியதும் முதலாளியம்மாவே சொன்னார். "முதுகுகிட்ட அடுப்பு எரியுற மாதிரி இருக்கு. ஈக்காட்டுத்தாங்கல் கொண்டுபோய்க் காட்டிட்டு, மத்தியானத்துக்குள்ள கடைக்கு வந்துரு."

பட்டறையில் ஷஃபியுல்லா பாய் கேஸ் அழுத்தம் பார்த்தார், கம்ப்ரஸரைப் பார்த்தார், ஃபில்டரைக் கழற்றித் தட்டினார்.

"எல்லாம் கரெக்டா கீது நைனா. ஐஸ் வண்டி மாதிரி கீது. உங்கம்மாவுக்குத்தான் சர்வீஸ் பண்ணணும்" என்று சிரித்தபடி பின் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிறிது நேரத்தில் உள்ளிருந்து கண்ணாடியைத் தட்டினார். வேகமாகத் தட்டினார். ஏகாம்பரம் வெளியிலிருந்து கதவைத் திறந்தான். பாயின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. முதல் வேலையாகக் கதவோரத்தில் இருந்த குழந்தைப் பூட்டை நெம்பி நீக்கினார்.

"தணிகாசலம் ஓட்டினுகீந்த வண்டியா இது?"

"யாரு பாய் அது?"

"உனக்கு முன்னாடி டிரைவரு. சொல்லலியா அவங்க? போன வருசம் இதே கத்திரி. காய்ச்சல்னு சொல்லிக்கீறாரு. பின்சீட்ல படுத்துக்கோன்னு அம்மாவேதான் சொன்னாங்களாம். நல்ல மனசுதான். சாவிய மட்டும் குடுக்கல. பேரப்புள்ளைங்களுக்குப் போட்ட பூட்டு, கதவு உள்ளேர்ந்து தொறக்காது. முன்னாடி தாண்டி வரத் தெம்பில்ல போல." குரல் தாழ்ந்தது. "கண்ணாடி மேல்விளிம்புல வாய வெச்சினே கெடந்தாராம்."

திரும்பும் வழியில் ஏகாம்பரத்துக்குப் பயமாகத்தான் இருந்தது. பின்னால் காற்று வந்தது, நின்றது, வந்தது. காய்ந்த வியர்வையும் மாத்திரையும் கலந்த வாடை. சைதாப்பேட்டை தாண்டியதும் ஓரமாக நிறுத்தினான். பெட்டிக்கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிப் பின் இருக்கையில் வைத்தான். பின்கதவுக் கண்ணாடியை நான்கு விரல் இறக்கினான். "குடிண்ணே" என்றான். தன் வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வதுபோலவே சொன்னான்.

கடைக்கு வருவதற்குள் கார் முழுவதும் குளிர்ந்திருந்தது. பாட்டிலின் மூடி பிரிக்கப்படாமல் இருந்தது. உள்ளே தண்ணீர் இல்லை. ஏகாம்பரம் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"ஏ, சில்லுன்னுல்ல இருக்கு! கெட்டிக்காரன்தான்" என்றபடி சரோஜாதேவி ஏறினார். ஜி.என். செட்டி சாலையில் வண்டிகள் நெருக்கி நின்றன. "கண்ணாடி என்ன எறங்கியிருக்கு? ஏசியப் போட்டுட்டு யாராவது கண்ணாடிய எறக்குவாங்களா? ஏத்து."

"கொஞ்சமாத்தான்மா இருக்குது. இருந்துட்டுப் போவட்டும்."

"பட்டுப்பொடவையெல்லாம் தூசியாவுது தம்பி."

"அம்மா, வோணாம்மா."

"சம்பளம் குடுக்கறது நானா நீயா?"

இரண்டு பஸ், வீட்டு வாடகை, எல்லாம் மனதில் ஓடியது. அவன் விரல்தான் பொத்தானை அழுத்தியது. கண்ணாடி ஏறியது. பாதியில் எதிலோ முட்டி நின்றது. மெத்தென்ற எதிலோ. மறுபடி அழுத்தினான்.

மூடிக்கொண்டது.

காற்று நின்றது. பிறகு வந்தது. சூடாக. மிக வேகமாக.

"என்ன தம்பி, மறுபடியும்..." அம்மா முந்தானையால் விசிறினார். "மூச்சு முட்டுது. எறக்கு. எறக்குப்பா!"

அழுத்தினான். இறங்கவில்லை. அம்மா கதவின் கைப்பிடியை இழுத்தார். பாய் நீக்கிய பூட்டு. திறக்கவில்லை.

ஏகாம்பரம் வண்டியை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு வெளியே குதித்தான். பின்கதவை இழுத்தான். சாவியை அழுத்தினான். க்ளிக். இழுத்தான். க்ளிக். க்ளிக். பின்னால் ஹாரன்கள் அலறின. கண்ணாடியைக் கையால் குத்தினான்.

சாவி அவன் கையில் இருந்தது.

உள்ளே அம்மாவின் வாய் கண்ணாடியின் மேல் விளிம்பைத் தேடிப் போயிற்று. அங்கே ஏற்கெனவே ஒரு வாய் இருந்தது. முகம் இல்லை. ஆவியில் பதிந்த உதடுகள் மட்டும், திறந்து, மூடி, திறந்து.

இடைவெளியே இல்லாத அந்தக் கண்ணாடியில், அது மெல்ல ஒதுங்கி அம்மாவுக்கு இடம் விட்டது.