வேதவல்லியின் பெயரில் ஒரு தாடை

1988 நவம்பர். திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. தென் லண்டனில் ஒரு சிறிய தனியார் அருங்காட்சியகம். மேல்மாடியில் இழுப்பறையைத் திறந்த கோதை அப்படியே நின்றுவிட்டாள். பெட்டி இருந்தது. பஞ்சு இருந்தது. தாடையைக் காணவில்லை.

உள்ளங்கையில் அடங்கும் புதைபடிவம் அது. பட்டகோனியாவில் கிடைத்தது. தென்னமெரிக்காவில் என்றோ அழிந்துபோன குளம்பு விலங்குகளில், முழுதாக வளர்ந்த பிறகும் ஆட்டுக்குட்டி அளவே இருந்த தனி இனம் என்று டாக்டர் வைத்தியநாதன் அதை அறிவித்திருந்தார். இறந்துபோன தன் மகள் வேதவல்லியின் பெயரை அதற்கு வைத்தார். அந்த இனத்துக்கு இருந்த ஒரே சான்று இந்தத் தாடைதான்.

பூட்டு உடைபடவில்லை. சாவி இருந்தது மூவரிடம்: இயக்குநர், வைத்தியநாதன், அவருடைய உதவியாளர் கோதை. கடைசியாகத் தாடையைக் கையாண்டவள் கோதை. இயக்குநர் அம்மையாரின் சந்தேகம் அவள்மேல் விழுந்தது. மதியத்துக்குள் கிடைக்காவிட்டால் போலீஸை அழைப்பதாகச் சொல்லிவிட்டு, காவல் பொறுப்பாளர் கனகலிங்கத்தை வரச்சொன்னார். யாழ்ப்பாணத்தில் இன்ஸ்பெக்டராக இருந்து, கலவரத்துக்குப் பின் லண்டன் வந்தவர் அவர்.

கனகலிங்கம் முதலில் வைத்தியநாதனிடம் போனார். வைத்தியநாதன் அதிர்ந்து பேசாத மனிதர். அன்று அவர் குரல் உயர்ந்தது.

"அந்தப் பொண்ணைச் சந்தேகப்படாதீங்க. பால்பல்கூட விழாத ஒரு தாடை. அதை எடுத்துட்டுப் போய் அவ என்ன பண்ணப் போறா?"

அடுத்து கோதை. முதலில் தயங்கினாள். பிறகு மெல்லச் சொன்னாள். வெள்ளிக்கிழமை, பக்கத்துப் பகுதியான டூட்டிங்கில் பல் மருத்துவரான தோழியிடம் தாடையைக் கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்திருக்கிறாள். வெளியே தெரிந்தவை பால்பற்கள். நிலைப்பற்கள் எலும்புக்குள் புதைந்திருந்தன. அப்படியானால் அது தனி இனமே அல்ல, ஏற்கெனவே பெயரிடப்பட்ட பெரிய விலங்கொன்றின் குட்டி. முதலில் வைத்த பெயரே நிற்கும் என்பது விதி. வேதவல்லியின் பெயர் போய்விடும்.

"இதை வேற ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"யாருக்கும் சொல்லல சார். அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. தாடையைத் திரும்ப வச்சு, படத்தைப் பஞ்சுக்கு அடியில வச்சுட்டு, இன்னைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

படமும் இப்போது அங்கே இல்லை.

கனகலிங்கம் திரும்பிப் போய், வைத்தியநாதனின் அறைக் கதவைச் சாத்தினார்.

"ஐயா, வளந்து முடிஞ்ச விலங்கெண்டுதான் இத்தனை வருசமும் நீங்கள் எழுதினனீங்கள். இண்டைக்குக் காலமை என்னட்டைப் பால்பல் எண்டு சொன்னனீங்கள். அந்தப் படத்தைப் பார்க்காத ஒருத்தருக்கு அது தெரிய ஏலாது."

 வைத்தியநாதன் எழுந்து போய், மாட்டியிருந்த மேற்கோட்டின் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய தாடையையும் படத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மகளின் பிறந்தநாள். ஒவ்வொரு வருடமும்போல தாடையைப் பார்க்கத்தான் வந்தாராம்; பஞ்சுக்கு அடியில் படம் கண்ணில் பட்டதாம்.

"எடுக்கணும்னு வரல. வேதா அஞ்சு வயசுல போயிட்டா. அவளுக்கும் ஒரு பல்கூட விழல. இதுவும் குழந்தைதான்னு தெரிஞ்சதும் திரும்ப வைக்கக் கை வரல."

போலீஸ் வருமுன் தானே ஒப்புக்கொள்ள இருந்ததாகவும் சொன்னார். கனகலிங்கம் அதை நம்பினார். கோதைக்காகப் பேசப்போய்த்தானே அவர் அகப்பட்டார்.

விஷயம் வெளியே போகவில்லை. எக்ஸ்ரேயைப் பற்றி எழுதாமல் விட்டுவிடுகிறேன் என்றாள் கோதை. வைத்தியநாதன் சம்மதிக்கவில்லை. தான் வைத்த பெயர் செல்லாது என்று அவரே கட்டுரை எழுதினார். அது அச்சான மாதமே வேலையை விட்டார்.

அவர் போன அன்று மாலை, வாசலில் நின்ற கனகலிங்கத்திடம் கோதை கேட்டாள். "வெள்ளிக்கிழமையே நான் நேர்ல சொல்லியிருந்தா, எடுத்திருக்க மாட்டார் இல்ல சார்?"

ஓம், எடுத்திருக்க மாட்டார் என்பதுதான் பதில். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"மழை வரப்போகுது பிள்ளை, வெளிக்கிடுங்கோ," என்றார்.