பசித்த மீன் ஆட்டம்

தொட்டியைக் குளிர்விக்கும் கருவியின் மின்கம்பியைக் காலையில் அவளேதான் பிடுங்கிப் போட்டிருந்தாள். ஆனாலும் மதிய இடைவேளை முடிந்து உயிரியல் கூடத்துக்குள் நுழைந்தபோது, தொட்டியின் கண்ணாடி வியர்த்து வழிந்துகொண்டிருந்தது.

கையை வைத்தாள். குளிர் எலும்புவரை ஏறியது. உள்ளே உருளைக்கிழங்கு அளவில் கறுப்புக் கற்கள், ஆழ்கடலின் அடித்தரையில் கிடந்தவை. நகக்கண் அளவு வளரவே பத்து லட்சம் வருஷத்துக்கு மேல் பிடிக்கும் கற்கள். அவற்றை இயந்திரம் விட்டு மொத்தமாகச் சுரண்டி எடுக்கக் காத்திருக்கும் நிறுவனம், பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாக அனுப்பிய தொட்டி அது. தண்ணீரைவிட நிறுவனத்தின் பெயர்தான் அதில் அதிக இடம் பிடித்திருந்தது.

அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. காலையில் தலைமை ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு நடத்திய பேரம் அப்படி. ஊர் உலகத்தில் வாங்குகிறவன்தான் குறைக்கச் சொல்வான். இங்கே கொடுக்கிறவனே வந்து, பாடத்தில் பாதியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறான்.

"மீன், வெளிச்சம், அழுத்தம், எல்லாம் நடத்துங்க டீச்சர். அந்தக் கடைசிப் பகுதி மட்டும் வேண்டாம்."

"எந்தப் பகுதி சார்?"

"அதான்... சுரண்டினா அங்க எல்லாம் செத்துப்போயிடும்ங்கறது."

"செத்துத்தானே சார் போகும்?"

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சா பார்ப்பாங்க?"

"பிடிக்கவே வேணாம் சார். வாயைத் திறந்துக்கிட்டுத்தான் நிக்குது."

அவர் சிரிக்கவில்லை. வகுப்பு முடியும்போது நிறுவனத்தின் விளம்பர அதிகாரி படம் எடுக்க வருவார் என்றார். இவ்வளவு சொன்ன பிறகும் வாய் நீண்டால் அடுத்த வருஷம் வேலை இருக்காது என்பதையும், தேநீருக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலிலேயே சொல்லிவிட்டார்.

சரி. வேண்டாம் என்ற பாதியையே இன்று முதலில் நடத்துவது என்று முடிவுகட்டிவிட்டாள்.

பத்தாம் வகுப்பு திமுதிமுவென்று உள்ளே வந்தது. நடுவில் அவள் மகள். பள்ளிக்கூடம் முழுக்க மகளுக்கு வாயாடி என்றுதான் பெயர். வீட்டிலும் வேறு பெயர் ஒட்டவில்லை. இங்கே அம்மா என்று கூப்பிடக் கூடாது என்பது இருவருக்குள்ளும் ஒப்பந்தம்.

"டீச்சர், பசித்த மீன் ஆட்டம் உண்டா?"

"உண்டு. நீதான் முதல்ல மாட்டுவே."

"மாட்டினாலும் பேசுவேன்!"

"தெரியும். செத்த மீன் பேசறதை உன்கிட்டதான் பார்த்திருக்கேன்."

வகுப்பே சிரித்தது. ஆழ்கடலைப் புரியவைக்க அவளே உண்டாக்கிய ஆட்டம் அது. ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிடுவாள். பிள்ளைகள் பசித்த மீன்கள். அவள், தலையில் முளைத்த தண்டின் நுனியில் விளக்கேற்றி மற்ற மீன்களை வாய்க்கு இழுக்கும் ஆழ்கடல் மீன். அவள் ஏதாவது ஒரு மூலையில் நின்று சின்ன நீல டார்ச்சை ஏற்றுவாள். வெளிச்சத்தைத் தேடி ஊர்ந்து வந்து தொட்டவர்கள் இரையானவர்கள். ஆட்டம் முடிகிறவரை அவர்கள் அசையவும் கூடாது, பேசவும் கூடாது.

துணிகளை இறக்கி, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்தாள். நண்பகல் கழிந்த வெயில் வெளியே எரிந்துகொண்டிருக்க, உள்ளே மையிருட்டு.

"முதல்ல கேளுங்க," என்றாள். குரலில் கோபம் தானாக ஏறியது. "ஒரு பெரிய இயந்திரம் அந்தத் தரைமேல போகுது. அது போன தடம் பல பத்து வருஷம் ஆனாலும் அழியறதில்ல. கல்லுமேல ஒட்டி வாழற உயிர்கள் கல்லோட போகுது. கண்ணால பார்க்கிறதுக்கு முன்னாடியே கொன்னுடறோம். கேட்க ஆள் இல்லேன்னு நினைச்சு..."

எங்கோ தண்ணீர் சொட்டியது. இருட்டில் ஒரு வாடை மெல்லப் பரவியது. மீன் வாடையில்லை, கரையில் வீசும் உப்பு வாடையுமில்லை, வெயிலையே அறியாத சேறும் துருவும் கலந்து, நாக்கின் அடியில் பழைய நாணயத்தை வைத்தாற்போல் கசந்த வாடை. தரையில் கால்கள் இழுபடும் ஓசை. பெஞ்சு நகர்ந்தது. யாரோ கிளுகிளுத்தார்கள்.

"யாரும்மா அது? நான் இன்னும் ஆட்டத்தையே ஆரம்பிக்கல."

தொட்டி இருந்த மூலையில் நீலமாக ஒரு வெளிச்சம்.

அழகான வெளிச்சம். மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. பிள்ளைகளின் நிழல்கள் நான்கு காலில் அதை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன.

அவள் கை பைக்குள் போனது. டார்ச் உள்ளேதான் இருந்தது. அணைந்து.

"நில்லுங்க! யாரும் தொடாதீங்க!"

ஒரு கிளுகிளுப்பு நின்றது. இன்னொன்று நின்றது. நடுவில் கத்தரித்தாற்போல்.

"ஆட்டம் முடிஞ்சுது! எல்லாரும் பேசலாம். பேசுங்கடா!"

யாரும் பேசவில்லை.

"வாயாடி!"

"டீச்சர்," என்றது மகளின் குரல், வெளிச்சத்துக்கு வெகு அருகில். "இது உங்க லைட்டுன்னுல்ல நினைச்சேன்?"

"தொடாதே! அம்மாகிட்ட வந்துடு!"

"தொட்டுட்டேனே..."

அவ்வளவுதான்.

பெஞ்சில் இடித்து, விழுந்து, எழுந்து, சுவரைத் தடவினாள். சுவர் ஈரம். சுவிட்சை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. டார்ச்சை அழுத்தினாள். அதுவும் இல்லை. கதவில் தட்டும் சத்தம்.

"டீச்சர், நாங்கதான்!" தலைமை ஆசிரியர். "ஒரே ஒரு படம், எடுத்துட்டுப் போயிடறோம்!"

கதவைத் திறந்தாள். நடைவழி வெளிச்சம் ஓரடி உள்ளே வந்து நின்றுவிட்டது. அதற்கப்பால், இருட்டில், வகுப்பு முழுவதும் வரிசையாக இருந்தது. நனைந்த முகங்கள். மூடிய உதடுகள். ஒவ்வொரு கன்னத்துக்குள்ளும் தோலைத் துளைத்துக்கொண்டு நீலம். நடுவில் மகள். அவள் கண் இமைக்கவில்லை. அம்மாவைப் பார்க்கவுமில்லை.

"பரவாயில்லையே! இந்த வயசுப் பசங்க இவ்வளவு அமைதியா!" விளம்பர அதிகாரி காமிராவோடு எட்டிப் பார்த்தார். "பார்த்தீங்களா சார், வேண்டாததை விட்டுட்டு நடத்தினா எவ்வளவு ரசிக்கிறாங்க!"

'வராதீங்க' என்ற சொல் அவள் தொண்டைக்கு வந்தது. நாக்கில் ஏறியது. மகள் முகத்தைப் பார்த்தாள். அதன் கன்னத்து நீலத்தைப் பார்த்தாள். பிறகு அந்த ஆளின் பளபளக்கும் சிரிப்பைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க சார்," என்றாள். "கிட்ட வந்து எடுங்க."

இருவரும் அவளைத் தாண்டி நடந்தார்கள். காமிரா மின்னியது.

ஒரு கணம். பெஞ்சுகள் காலி. முகங்களுக்குக் கழுத்து இல்லை. ஒவ்வொன்றும் மெல்லிய கறுப்புத் தண்டின் நுனியில், தண்ணீரில் ஆடுவதுபோல் ஆடிக்கொண்டிருந்தது. தண்டுகளெல்லாம் பின்னால் போய் ஒரே இடத்தில் சேர்ந்தன. அங்கே, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, தரையிலிருந்து கூரைவரை, அவசரமே இல்லாமல், அது திறந்துகொண்டிருந்தது.