நான்கு மஞ்சள் கைப்பட்டைகள்

அம்பாரோ ரொட்டிக்குள் முட்டை அடையை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். மேசையில் கேளிக்கைப் பூங்காவின் மஞ்சள் கைப்பட்டைகள் நான்கு கிடந்தன. அவற்றைக் கட்டிக்கொண்டால் வரிசையில் நிற்காமல் தனி வழியில் போய்ச் சவாரிகளில் ஏறலாம். நாத்தனார் எலாடியா அவற்றை விரல் நுனியால் ஒதுக்கினாள்.

"ஊரே வெயில்ல நிக்கும். மகாராணி மட்டும் காசு குடுத்து முன்னாடி போவாங்களாம்... எனக்கு இது வேண்டாம்."

அம்பாரோ அடுத்த ரொட்டியை எடுத்தாள். இந்தப் பட்டைகளுக்காகத்தான் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆரஞ்சுப் பழக் கிடங்கில் வேலை பார்த்தாள். ஞாயிறு மதியம் குடும்பம் முழுதும் சேர்ந்து சாப்பிடும் சோற்றுக்கு அவள் வராததை எலாடியா திமிர் என்றாள். அந்தப் பேச்சையும் அம்பாரோ வாங்கிக்கொண்டாள்.

யாரும் பார்க்காதபோது எலாடியா பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதை மூன்று மாதமாக அம்பாரோ பார்த்துவருகிறாள். இடுப்பு வலி. தாயில்லாத தம்பியை, அம்பாரோவின் கணவன் ஹசிந்தோவை, தூக்கி வளர்த்தவள் அவள்; வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பூங்காவின் படகுச் சவாரியில் பக்கத்தில் உட்காருவதாகத் தம்பி மகள் அய்னோவாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். படகு வரிசை இரண்டு மணி நேரம். எலாடியாவுக்கு மட்டும் பட்டை வாங்கினால், தனக்குத் தெரியும் என்ற குட்டு உடைந்துவிடும். அதனால் நான்கு.

பூங்காவிலும் எலாடியா பட்டையைத் தொடவில்லை. மீன் சந்தையில் கேட்பதைப் போல, "யாருங்க கடைசி?" என்றாள். ஓர் இளைஞன் கை தூக்கினான். அது போதும். சந்தையில் அப்படிக் கேட்டுவிட்டால், எங்கே போய் உட்கார்ந்தாலும் அவனுக்குப் பின்னால் அவள் இடம் அவளுக்குத்தான். நிழலில் சுவரோரம் போய் உட்கார்ந்தாள். அத்தை வராமல் ஏற மாட்டேன் என்று அய்னோவா அடம்பிடித்ததால் மற்றவர்களும் காத்திருந்தார்கள்.

அந்த இளைஞன் படகை நெருங்கியதும் எலாடியா போய் அவன் பின்னால் நின்றாள்.

"ஏங்க, ஒன்றரை மணி நேரமா கால்கடுக்க நிக்கிறோம். நீங்க உக்காந்துட்டு வந்து நுழையறீங்களே," என்றாள் ஒருத்தி.

அவர் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போனார் என்று அந்த இளைஞன் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. பூங்காவின் பணிப்பெண் தன்மையாக வரிசையின் கடைசியைக் காட்டினாள். எலாடியா திரும்பி நடந்தாள். மூன்றாவது அடியில் கால் மடங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஹசிந்தோ ஓடிவந்தான். "அக்கா, நாலு ஞாயித்துக்கிழமை அவ பழம் அடுக்கினதே இதுக்குத்தான். பட்டையைக் கட்டிக்கிட்டா என்ன குறைஞ்சு போயிடும்?"

எலாடியா அம்பாரோவைப் பார்த்தாள். அம்பாரோவின் கண் அவள் இடுப்பில் இருந்தது. சட்டென்று விலகியது.

தம்பியையும் குழந்தையையும் தண்ணீர் வாங்க அனுப்பினாள் எலாடியா.

"எவ்வளவு நாளா தெரியும்?"

"மூணு மாசமா, அண்ணி."

"தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை பேச்சும் வாங்கிக்கிட்ட?"

அம்பாரோ அவள் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினாள். எலாடியாவின் கண்ணீர் அந்த விரல்கள்மேல் விழுந்தது.

"வலி தாங்கலடி..."

"வாங்க அண்ணி. தனி வழியில போனா பத்தடிதான்."

தண்ணீரோடு திரும்பி வந்த அய்னோவா முன்னால் ஓடினாள். அந்தப் பத்தடியும், எல்லோரும் பார்க்க, எலாடியா தன் பாரம் முழுவதையும் அம்பாரோவின் தோளில் சாய்த்து நடந்தாள்.