இப்போது கேட்கிற சத்தங்கள்

ஜிஜா டீச்சரின் ஆன்லைன் வகுப்பில் அன்று இரண்டே பேர். ஆனால் திரையில், எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஒன்றாக வரும் கர்சர் கோடுகள் மூன்று நிறங்களில் துடித்துக்கொண்டிருந்தன.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மழைக்காகக் கலெக்டர் விடுமுறை விட்டால் பிள்ளைகள் அப்பா போனிலோ மாமா போனிலோதான் வகுப்புக்கு வருவார்கள். அந்த போனும் சில நேரம் அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். நாளுக்கொரு பெயர். யாரென்று தோண்டிக் கேட்டால் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுவார்கள் என்று, எல்லோரும் சேர்ந்து எழுதும் பக்கத்தை யார் வேண்டுமானாலும் வரலாமென்று திறந்தே வைத்திருந்தாள்.

உங்கள் வீட்டில் இப்போது கேட்கிற சத்தத்தை எழுதுங்கள். அதுதான் அன்றைய பயிற்சி.

பொழியூரிலிருந்து எபின் எழுதினான்: அலை கல்லில் அடிக்கிறது. கள்ளிக்காட்டு அமிர்தா எழுதினாள்: அம்மா மிக்ஸி போடுகிறாள். பெயரில்லாத சாம்பல் நிறக் கோடு மெதுவாக எழுதியது: சுவர்க்கடிகாரம் ஓடுகிறது. ஓடு ஒழுகி வாளியில் தண்ணீர் சொட்டுகிறது.

ஜிஜாவின் வீட்டிலும் அப்படித்தான் சொட்டியது. இந்த மழைக்கு எந்த வீடுதான் ஒழுகவில்லை?

பாறசாலைக்கு உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவே அவள் மட்டும்தான் இருந்தாள். கணவன் ராஜதாஸ் பஹ்ரைனில். வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் மைக்கை அணைக்க மறந்திருந்தால், அந்த வீட்டுக் குக்கர் விசிலையும் திட்டையும் சிரிப்பையும் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாள். வெட்கக்கேடுதான். ஆனாலும் தினமும் அதற்காகக் காத்திருந்தாள்.

"டீச்சரே, அப்பா போன கேக்கியாரு. நான் வாறேன்."

"ஒரு வரி கூட எழுதிட்டுப் போ, எபினே."

அவன் போய்விட்டான்.

"இங்க கரண்டு போச்சு டீச்சர், சார்ஜும் இல்ல," என்று அமிர்தாவும் போனாள். மரங்களுக்கிடையே இருட்டத் தொடங்கியிருந்தது. ரப்பர் ஷீட்டின் புளித்த வாடை ஈரக்காற்றோடு சன்னல் வழியாக வந்து, மேசைக்கடியில் கொஞ்சம் கூடுதலாகத் தேங்கி நிற்பதுபோல் இருந்தது.

சாம்பல் நிறக் கோடு போகவில்லை. இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. ஜிஜாவுக்கு அழுகை வருகிற அளவுக்கு ஆறுதலாக இருந்தது. 'நீ போகாண்டாம் மக்கா. இன்னும் எழுது,' என்று தட்டினாள்.

நாற்காலி முனகுகிறது.

அவள் அப்போதுதான் முன்னால் சாய்ந்திருந்தாள்.

மோதிரம் மேசையில் தட்டுகிறது.

தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றது. எபினின் குறும்பாக்கும், தன் மைக் திறந்து கிடக்கிறது, அதைக் கேட்டு எழுதுகிறான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பார்த்தாள். அழைப்பில் யாருமில்லை. மைக் அணைந்திருந்தது. அவளே அணைத்திருந்தாள்.

பக்கத்தைப் பூட்டினாள். இனி அவளைத் தவிர யாரும் எழுத முடியாது.

எச்சில் விழுங்கும் சத்தம்.

வாசல்கதவு நான்கு எட்டில். செருப்புப் போட்டு நடந்தால் கேட்கும். மேசைக்கடியில் கால்களை ஒன்றோடொன்று உரசி, மெல்ல, மிக மெல்லக் கழற்றினாள்.

செருப்பைக் கழற்றுகிறாள்.

மூச்சை அடக்கினாள். கடிகாரம். வாளி. மழை.

டீச்சர் மூச்சு விடவில்லை.

கோடு துடித்தது. நகர்ந்தது.

இன்னொரு மூச்சு கேட்கிறது.

அவளுக்கும் கேட்டது. திரையில், 'நீ போகாண்டாம் மக்கா' என்று அவளே எழுதிய வரிக்கு நேர் கீழே, எழுத்து எழுத்தாகப் பதில் வந்தது.

போக மாட்டேன் டீச்சர்.

மேசைக்கடியில், அவளுடைய வெறுங்காலின்மேல், சூடாக ஒரு மூச்சு பட்டது. பிறகு இன்னொன்று.