நகல் சாட்சிகள்

கடற்காற்றாலையில் பழுது பார்க்கப் போன ரோச் கரை திரும்பவில்லை. ஆனால் தூத்துக்குடியில் இருக்கிற எல்லாச் செயலிகளும் அவன் விஷயத்தில் ஒரே குரலில் பேசின: "சொந்த விருப்பில் விலகிச் சென்றார்."

அந்த வரியைப் பார்த்துப் பிரிசில்லா பல்லைக் கடித்தாள். ரோச் அவளுடைய தம்பி. மிதவை அங்கி மாட்டாமல் எந்தத் தூணிலும் ஏற மாட்டான். தவறி விழுந்திருந்தாலும் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பான், உயிரோடு. துறைமுகத்தில் தானோட்டி மீட்புப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. பதிவு 'காணவில்லை' என்று மாறினால் போதும், அவை தாமாகவே கிளம்பிவிடும். 'விலகிச் சென்றார்' என்று இருக்கிறவரை ஒரு கயிறுகூட அவிழாது. காற்றாலைத் தூண்களுக்கு நடுவே மனிதர் ஓட்டும் படகுக்கு அனுமதி கிடையாது. காவல் நிலையத்துக்கும் போய்ப் பார்த்துவிட்டாள்; அங்கேயும் அதே வரியைத்தான் படித்துக் காட்டினார்கள்.

அக்கா என்ற முறையில் தன் கைப்பேசியில் அவளே பதிவை மாற்றினாள். 'காணவில்லை.' திரை ஏற்றுக்கொண்டது. மூச்சு விடுவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. மறுபடி மாற்றினாள். மறுபடியும் அதே கதைதான்.

ஏன் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அந்த ஏற்பாட்டை எழுதியவர்களில் அவளும் ஒருத்தி. ஒப்புப்பாலம் என்று பெயர். யாருக்கும் சொந்தமில்லாத திறமூல நிரல்; உலகம் முழுக்கத் தன்னார்வலர்கள் சேர்ந்து கட்டியது. ஒரு செயலி அறிந்ததை எல்லாச் செயலிகளும் அறியும். ஒரே விவரத்தைச் செயலி செயலியாகப் போய் நிரப்புகிற தலைவலி அதோடு ஒழிந்தது. செயலிகளுக்குள் மாறுபாடு வந்தால் பெரும்பான்மை சொல்வதே உண்மை. அதிகாரத்தில் இருக்கிற எவனோ ஒருத்தன் ஒரே ஒரு பதிவைத் திருத்தி அப்பாவி ஒருவனைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாதே என்று அந்த விதியை எழுதியவள் சாட்சாத் பிரிசில்லாதான். அப்போது எல்லோரும் பாராட்டினார்கள்.

நடந்ததைப் பின்னோக்கித் துருவினாள். ரோச் வேலை முடிந்து வெளியேறும் முத்திரை வைக்கவில்லை. வருகைச் செயலியில் காரணக் கட்டம் காலியாகக் கிடந்தது. காலிக் கட்டத்தைக் கண்டால் ஆகாத அந்தச் செயலி, தன்னிடம் இருந்த காரணங்களில் முதலாவதை எடுத்துப் போட்டு நிரப்பிவிட்டது. அதைப் பார்த்துச் சாப்பாட்டுச் செயலி அவன் இலையை எடுத்துவிட்டது. பேருந்துச் செயலி பயணச்சீட்டை ரத்து செய்தது. குடியிருப்புச் செயலி வாசல் பலகையிலிருந்து அவன் பெயரை அழித்தது. ஒன்று சொன்னதையே இன்னொன்று சொன்னது. பாலமோ ஒவ்வொன்றையும் தனிச் சாட்சியாக எண்ணிக்கொண்டது. 'உனக்கு யார் சொன்னது?' என்று கேட்க அதற்குத் தெரியாது. கேட்கச் சொல்லி அவள் எழுதவில்லை.

அப்படிக் கேட்கச் சொல்லித் திருத்தம் எழுதித் தன்னார்வலர்கள் முன் வைத்தாள். பதில்கள் உடனே வந்தன, அத்தனையும் அன்பாக. "உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் ஒருவருக்காகப் பெரும்பான்மையை மீறினால் நாளைக்கு யார் வேண்டுமானாலும் மீறலாம். இது உங்கள் வாசகம்தானே? நிதானமாக விவாதிப்போம்." கீழே ஏகப்பட்ட கைதட்டல் குறிகள். கெட்டவர்களாக இருந்தால் திட்டவாவது திட்டலாம். நல்லவர்களை என்ன செய்வது?

மிச்சமிருந்தது ஒரே வழி. வாழ்க்கைத் துணை தன் கையால் வைக்கும் சாட்சியம் எல்லாச் செயலிகளையும் விஞ்சும். கல்யாணத்தின் மேல் நம்பிக்கை வைத்த யாரோ ஒரு புண்ணியவான் சேர்த்துவிட்ட விதி. பிரிசில்லா தம்பி வீட்டுக்கு ஓடினாள்.

ரோச்சின் மனைவி ஜெசிந்தா கட்டிலில் அவன் சட்டைகளைக் குவித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரிவைத் தாங்கிக்கொள்வது எப்படி என்று ஆறுதல் செயலி அவளுக்கு இதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, மொதல்ல அத நிறுத்து. அவன் கடல்ல கெடக்கான். காணலன்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், படகு கெளம்பிரும்."

"அவிய கடல்ல இல்ல மதினி. என்னய விட்டுட்டுப் போயிட்டாவ."

"யாரு சொன்னா ஒனக்கு?"

"யாரு சொல்லல? வேல எடம் சொல்லுது, பஸ்ஸு சொல்லுது, வாசல்ல பேரே இல்ல. இம்புட்டும் சேந்தா பொய் சொல்லும்?"

"எல்லாம் ஒண்ணப் பாத்து ஒண்ணு எழுதுனதுட்டி! மொத்தமும் ஒரே பொய்தான்!"

"போன வாரம் சண்டையில 'எங்கயாச்சும் போயிருதேன்'னாவ. நாந்தான் வெளையாட்டுன்னு நெனச்சிட்டேன்." ஜெசிந்தா ஒரு சட்டையை மடித்து வைத்தாள். "தம்பி ஓடிப்போயிட்டான்னு ஊரு பேசக் கூடாது. அதுக்குத்தான வந்திருக்கீய?"

பிரிசில்லா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். சண்டை இல்லாத வீடு உண்டா என்றாள். பொழுது சாய்வதற்குள் தேடினால் கிடைத்துவிடுவான் என்றாள். அவன் சின்ன வயதில் கோபித்துக்கொண்டு போனாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுவான் என்றாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அழுகை முட்டியது.

ஜெசிந்தா கைப்பேசியை எடுத்துச் சாட்சியப் பக்கத்தைத் திறந்தாள். பிரிசில்லாவுக்கு உயிர் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே ஜெசிந்தா 'விலகிச் சென்றார்' என்பதன் மேல் பெருவிரலை வைத்து அழுத்தினாள்.

பிரிசில்லாவின் கைப்பேசி அதிர்ந்தது.

"வாழ்க்கைத் துணையின் சாட்சியத்தால் பதிவு உறுதியானது. மாறுபட்டிருந்தது உங்கள் பதிவு மட்டுமே, அது திருத்தப்பட்டுவிட்டது. ரோச் விலகிச் சென்றார் என்று நீங்களும் சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். நன்றி."